வாசகர் கேள்வி – பதில்: செர்னிவ்ட்சியின் பேராயர் மாளிகை

கேள்வி: உக்ரைனின் செர்னிவ்ட்சி நகரிலுள்ள பழைய பேராயர் மாளிகையின் படங்களைப் பார்த்தேன். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர் வாழ்ந்த இடத்தில் கோட்டை போன்ற சுவர்களும் அராபியச் சாயலுள்ள வேலைப்பாடும் எப்படி வந்தன? நேரில் செல்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அக்கலவைக்குக் காரணம் அது கட்டப்பட்ட காலமே. செர்னிவ்ட்சியைத் தலைநகராகக் கொண்ட புக்கோவினாப் பகுதி 1775 முதல் 1918 வரை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கீழ் இருந்தது. அரச குடும்பம் கத்தோலிக்கம் சார்ந்தது. புக்கோவினாவிலோ ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரே மிகுதி. தம் பதவிக்கேற்ற உறைவிடம் வேண்டுமென முனைந்த ஆயர் யூஜின் ஹக்மான், பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் ஒப்புதலைப் பெற்று 1864இல் பணியைத் தொடங்கினார். அது 1882இல்தான் நிறைவுற்றது. 1873இலேயே மறைந்துவிட்ட ஹக்மான் முழு மாளிகையைக் காணவில்லை. வடிவமைத்த செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோசெப் ஹ்லாவ்காவும் இடையில் நோயுற்றுப் பல ஆண்டுகள் நடக்க இயலாமற்போனதால், மேற்பார்வை பிறர் கைக்கு மாறிற்று. பழைய பாணிகளிலிருந்து வேண்டியவற்றை எடுத்துப் புதிதாக இணைப்பது அந்நாளைய ஐரோப்பியக் கட்டடக் கலையின் போக்கு. அதன்படி, திருச்சபையின் தொன்மையைக் காட்டும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பாணிக் குவிமாடத்தோடு, இடைக்கால ஐரோப்பாவின் ரோமனெஸ்க், கோதிக் பாணிகளையும், ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களின் அராபியச் சாயலுள்ள மூரியப் பாணியையும் ஹ்லாவ்கா சேர்த்தார்.

முற்றத்தில் நுழைந்ததும் எதிரே தெரிவது பேராயரின் உறைவிடம். இடப்பக்கம் மூன்று புனிதர்களின் ஆலயத்தோடு அமைந்த, குருக்களுக்குப் பயிற்சி தந்த குருமடம். வலப்பக்கம் மணிக்கூண்டு உயர்ந்த கட்டடம். வந்தவர்கள் நேரே உட்புறக் கூடங்களுக்கு விரைவதே வழக்கம். நானோ வெளியே நெடுநேரம் நிற்கவே பரிந்துரைப்பேன். இந்தக் கட்டடத்தின் உயிர் செங்கல்லில் இருக்கிறது. மேற்பூச்சுக்குள் மறைக்கப்படாத செங்கல்லின் நிறமும் அடுக்கும் சுவரின் அழகை உண்டாக்குகின்றன. பிறகு கூரையைப் பாருங்கள்: மெருகிட்ட பல வண்ண ஓடுகள், புக்கோவினா நாட்டுப்புறப் பெண்களின் நெசவில் காணும் கோணக் கோலங்களை நினைவூட்டும்படி பதிக்கப்பட்டுள்ளன. பேரரசின் ஆடம்பரத்துக்கு நடுவே உள்ளூர்க் கைவினைக்குக் கிடைத்த அந்த இடந்தான் என்னை மிகவும் கவர்வது. உள்ளே, இரண்டாம் உலகப் போர்க்காலத் தீயில் சிதைந்து பின்னர் சீரமைக்கப்பட்ட பளிங்கு மண்டபத்தையும், மர வேலைப்பாடமைந்த மேற்கூரையுள்ள சிவப்பு மண்டபத்தையும் காணலாம்.

கேள்வி: பேராயர் இன்றும் அங்கேதான் வசிக்கிறாரா? உள்ளே விடுவார்களா?

பதில்: இல்லை. சோவியத் காலத்தில் அம்மாளிகை பல்கலைக்கழகத்திடம் சென்றது. இன்று அது புக்கோவினா எழுத்தாளர் யூரி ஃபெட்கோவிச் பெயரிலுள்ள தேசியப் பல்கலைக்கழகம். 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பின்னரும் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. ஆகவே வழிகாட்டியோடு செல்வதே முறை. எனினும் 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ருமேனிய எல்லை அருகில் இருந்தாலும், போர் நடக்கும் நாட்டுக்குச் சுற்றுலாவாகச் செல்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.