பலாவை வெட்டாமல் நாற்சார் வீடு: தண்ணீர் போகும் வழியை முதலில் வரையுங்கள்

கேள்வி: தெஹிவளையில் 10 பேர்ச் காணி, நடுவில் பெரிய பலா. அதை முற்றத்தில் விட்டுச் சுற்றிவர வீடும், கார் நிறுத்துமிடத்துக்கு மேலே புல் வளர்ந்த கூரையும் வேண்டும். "ஒழுகும், நுளம்பு பெருகும்" என்கிறார் மேசன். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். மேசனின் இரண்டு பயமும் நியாயமானவைதான், இரண்டுக்கும் மூலம் தேங்கும் தண்ணீர். கொழும்பில் நெருக்கமான காணியிலும் முற்ற வீடு பொருந்தும் என்று 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு காட்டியது. தெருப்பக்கம் மூடியிருக்கும், உள்ளே முற்றத்தைச் சுற்றித் திறந்திருக்கும். தாழ்வாரத்தை அகலமாக, குறைந்தது 4 அடிக்கு விடுங்கள். சாரல் அறைக்குள் அடிக்காது.

உள்நோக்கிச் சரியும் கூரை 1,000 சதுர அடி, முற்றம் 150 சதுர அடி என்று வையுங்கள். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 லீற்றர் முற்றத்தில் இறங்கும். 80 அடிக்கு 1 அடி சரிவில் பதித்த 4 அங்குலக் குழாய் ஒன்றே அதைக் கொண்டுபோகும். ஆனாலும் இரண்டு போடுங்கள். பலா இலை தடித்தது, மினுமினுப்பானது. தட்டையான சல்லடையில் விழுந்தால் மூடிபோல அப்படியே ஒட்டிக்கொள்ளும், நாலைந்து இலையில் குழாய்வாய் அடைபடும். கவிழ்த்த கிண்ணம்போல எழும்பிய சல்லடை போட்டால் இலை மேலே ஒட்டினாலும் பக்கங்களால் தண்ணீர் இறங்கும்.

முற்றம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும், ஆனால் தெரு வடிகான் நிரம்பும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ள நாளில் கான் தண்ணீர் குழாய்வழி உள்ளே திரும்பும். அத்திவாரம் வெட்டுமுன் அயலவர் மதிலில் உள்ள வெள்ளக் கறையை அளந்து பாருங்கள்.

இங்கே மரம் சாவது பெரும்பாலும் கோடரியால் அல்ல, காணியை உயர்த்தக் கொட்டும் மண்ணால். அடிமரத்தை மண் மூடினால் பட்டை அழுகும், வேருக்குக் காற்று போகாது. மரத்தைச் சுற்றிப் பழைய நில மட்டத்தையே விடுங்கள். அந்தப் பக்கம் தொடர் அத்திவாரம் வேண்டாம்: வேருக்கு இடையில் தனித்தனித் தூண் குழி, அவற்றை இணைக்கும் பீம் மண்ணுக்கு மேலே. முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடவே வேண்டாம், 10 கிலோப் பலாப்பழம் விழும் இடம் அது. மனம் மாறி மரத்தை வெட்ட நினைத்தால் அதற்குத் தனி அனுமதி தேவை.

புல் கூரையின் முதல் கேள்வி பாரம். நனைந்த சாதாரண மண் 4 அங்குலம் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ. சிலாப் வரைபடத்திலேயே பொறியியலாளர் இதைச் சேர்க்க வேண்டும். தும்புச்சோறு கலந்தால் பாரம் குறையும். சிலாப்பின் மேல் நீர்த்தடுப்புப் படலம், வேர்த் தடுப்பு விரிப்பு, 2 அங்குலச் சரளை, வடிதுணி, மண் என்று வரிசை. படலத்தை ஓரச் சுவரில் மண் மட்டத்துக்கு மேல் 6 அங்குலம் ஏற்றுங்கள். மண் போடுமுன் குழாய்வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் கீழே நின்று பாருங்கள். ஒழுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: சுவர் மூலையில், குழாய் சிலாப்பைத் துளைக்கும் இடத்தில். பிவிசி வெயிலில் விரியும், சுருங்கும். சுற்றிவரச் சீமெந்து மட்டும் பூசினால் வெடிப்பு நிச்சயம்.

முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு வாரமளவே போதும். ஆகவே பீலியையும் சல்லடைகளையும் வாரம் ஒருமுறை கையால் துழாவித் துப்பரவாக்குங்கள். முற்றத்தில் குளம் வைத்தால் கப்பி மீன் விடுங்கள்.