இறாலுக்கு ‘வாக்சின்’ பொடி வாங்கலாமா?

கேள்வி: இரண்டு குளங்களில் வன்னாமி இறால் வளர்க்கிறேன். போன தடவை 50 நாள் வரை வளர்ச்சி நன்றாக இருந்தது. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு இறால்கள் தீவனம் எடுக்காமல் கரையோரம் ஒதுங்கின. நான்கைந்து நாளில் ஒரு குளமே காலி. ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. குஞ்சு வாங்கும்போது எஸ்பிஎஃப் (குறிப்பிட்ட கிருமிகள் இல்லாதது) என்றும், பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்றும் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். இப்போது ஒரு ஏஜென்ட் தீவனத்தில் கலக்கும் ‘வாக்சின்’ பொடி ஒன்றைக் காட்டி, ஒரு வாரம் கொடுத்தால் அறுவடை வரை நோயே வராது என்கிறார். தேனீக்கே தடுப்பூசி வந்துவிட்டது என்ற செய்தியையும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இவரை அனுப்பிவிட்டாலும், வேறொருவர் இதே பொடிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு வருவார்.

நமக்குத் தடுப்பூசி போட்டால் உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. இறால், நண்டு, பூச்சி எதற்கும் ஆன்டிபாடி தயாரிக்கும் ஏற்பாடே கிடையாது. அவற்றுக்கு இருப்பது மேலே ஓடு, உள்ளே இரத்தம், இரத்தத்தில் மிதக்கும் காவல் அணுக்கள். ஓட்டில் கீறல் பட்டால் இரத்தம் சட்டென்று உறைந்து அடைத்துவிடும். கிருமி உள்ளே வந்தால் அணுக்கள் அதை விழுங்கும். விழுங்க முடியாததைச் சூழ்ந்துகொண்டு கருநிறப் பொருளால் மூடிக் கொல்லும். கூடவே கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களும் சுரக்கும். பழ ஈயில் இந்தக் காவல் எப்படி விழித்துக்கொள்கிறது என்று காட்டியதற்காகத்தான் விஞ்ஞானி ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் எதிராக இது நல்ல காவல். ஆனால் உங்கள் குளத்தில் வந்ததாகத் தெரியும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகும் அதன் முன்னால் இந்தக் காவல் திணறுகிறது.

இப்போது தேனீ விஷயம். செய்தி உண்மைதான். 2023 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை தேனீத் தடுப்பூசி ஒன்றுக்கு நிபந்தனையோடு உரிமம் கொடுத்தது. ஆனால் அது எதற்கு, எப்படி என்று பாருங்கள். அது தேனீயின் இளம்புழுக்களைத் தாக்கும் ஃபவுல்புரூட் என்ற நோய்க்கானது. அந்த நோயை உண்டாக்குவது பாக்டீரியா. கொல்லப்பட்ட அந்த பாக்டீரியாவை ராணித் தேனீயின் உணவு வழியாகக் கொடுக்கிறார்கள். ராணியின் உடலில் மஞ்சள்கருவுக்கான புரதம் ஒன்று கிருமியின் துணுக்குகளைச் சுமந்துபோய் முட்டைக்குள் சேர்க்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்தக் கிருமிக்குத் தயாராகவே பிறக்கிறது. அதாவது மருந்து சாப்பிடுவது தாய், பலன் பிள்ளைக்கு. உங்கள் குளத்து இறால் முட்டையிடும் வயதுக்கு முன்பே அறுவடையாகிவிடும். அதற்குப் பிள்ளை ஏது? நோயும் பாக்டீரியா நோயில்லை. இறாலிலும், வைரஸின் புரதத்தை ஊசியால் ஏற்றிச் சில வாரம் தாக்குப்பிடிக்க வைத்த சோதனைகள் உண்டு. அது ஆய்வுக்கூடத் தொட்டியில், எண்ணிவிடக்கூடிய இறால்களில். ஒரு வாரத் தீவனத்தில் அறுவடை வரை பாதுகாப்பு என்று அதை வைத்துச் சொல்வது ஏமாற்று வேலை.

இப்படி விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது ஈஸ்ட்டின் சுவரிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கன் என்ற மாவுப்பொருள். காவல் அணுக்களைக் கொஞ்ச நாள் உசுப்பிவிடும், அவ்வளவுதான். அளவு மீறித் தொடர்ந்தால் அந்தப் பலனும் குறையும். இதற்குப் போய் ‘வாக்சின்’ என்று எப்படி அச்சடிக்க விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. மனிதனுக்கான மாத்திரைக்கு எத்தனை சோதனை கேட்கிறார்கள்! குளத்தில் கொட்டுவதற்கு மட்டும் பளபளப்பான பாக்கெட் போதும் என்றாகிவிட்டது.

சரி, மழைக்குப் பிறகு ஏன் செத்தது? நோயை மழை கொண்டுவரவில்லை. கிருமி அநேகமாக முன்பே குளத்தில் இருந்திருக்கும். இறாலுக்குள் அடங்கியும் இருந்திருக்கலாம். தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போது இந்த வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மழையில் தண்ணீர் குளிர்ந்தது, கிருமிக்கு வசதியானது. மழை நீர் உப்பு நீரைவிட லேசானது என்பதால் மேலேயே தங்கும். அடித்தண்ணீருக்குக் காற்று எட்டாது. வெயில் இல்லாமல் பாசியும் ஆக்சிஜன் தராது. அது செத்து அழுகினால் இருப்பதும் போகும், அமோனியாவும் ஏறும். இறால் வசிப்பது அந்த அடியில்தான். உப்பு சட்டென்று இறங்கியதில் பல இறால்கள் ஒரே நேரத்தில் ஓடு கழற்றியிருக்கும். புது ஓடு இறுகும் வரை வெளிக்காவலே இல்லை. ஆக்சிஜன் குறைந்தாலும் அமோனியா ஏறினாலும் இரத்தத்தில் காவல் அணுக்களின் எண்ணிக்கை விழுகிறது. மூச்சுக்கும், உப்பைச் சமன் செய்யவும், ஓடு கட்டவும் போக மிச்சமிருக்கும் தெம்பில்தான் இறால் நோயோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த இரண்டு நாளில் மிச்சம் எதுவும் இருந்திருக்காது.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். எஸ்பிஎஃப் என்றால், தாய் இறால் வளர்ந்த இடத்தில் குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லை என்று அர்த்தம். நோயைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. உங்கள் குளத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து அது சாதாரண இறால்தான். பிசிஆர் நெகட்டிவ் என்பது சோதித்த குஞ்சுகளுக்கு மட்டும். நூற்றுக்கு இரண்டு குஞ்சில் மட்டும் கிருமி இருந்தால், அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்கச் சுமார் 150 குஞ்சுகளைச் சோதிக்க வேண்டும். இடைத்தரகர் கொடுக்கும் காகிதத்தில் எத்தனை குஞ்சு, எந்தத் தொட்டி, யார் எடுத்தது என்று ஒன்றும் இருக்காது. பழைய தொட்டியின் ரிப்போர்ட்டைப் புதுத் தொட்டிக்குக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், எல்லோரும் இப்படித்தான் என்கிறார்கள். குஞ்சை நீங்களே போய் எடுங்கள், நீங்களே சோதனைக்கூடத்தில் கொடுங்கள், முடிவு வரும் வரை முன்பணம் தராதீர்கள்.

பொடிக்கு வைத்த பணத்தில் ஒரு நல்ல ஆக்சிஜன் மீட்டரும், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இன்னொன்றும் வாங்குங்கள். விடியற்காலையில், குளத்தின் அடியில் அளவு எடுங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே விடாதீர்கள். மழை வரும் அறிகுறி தெரிந்ததும் தீவனத்தைக் குறைத்து, கரைச்சரிவில் சுண்ணாம்பு தூவி, மழை நிற்கும் வரை எல்லா ஏரேட்டரையும் ஓட்டுங்கள். மேல்மட்ட நன்னீரை மட்டும் வடியவிட மதகில் வழி செய்து வையுங்கள். கரையைச் சுற்றி நண்டு வேலி கட்டாயம் போடுங்கள். நண்டு தான் சாகாமலே இந்த வைரஸைச் சுமந்து வரும். காகம் செத்த இறாலைக் கொத்தி அடுத்த குளத்தில் போடாமல் இருக்க மேலே கயிறும் கட்டுங்கள்.

மறுபடி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் போடாதீர்கள். வைரஸுக்கு அது கேட்காது, உயிரோடு மிஞ்சும் இறாலையும் விற்க முடியாமல் போகும். மதகை மூடிவிட்டு, அன்றைக்கே பக்கத்துக் குளத்துக்காரர்களிடம் சொல்லுங்கள். குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்லாமல் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வாய்க்காலுக்குப் போகக் கூடாது. போனால் பக்கத்துக் குளங்கள் இழுக்கும் தண்ணீரில் அதுவும் இருக்கும்; அடுத்த தடவை உங்கள் பம்பும் அதே வாய்க்காலிலிருந்துதான் இழுக்கப்போகிறது.