பயிற்சி விமானம் இறங்கும்போது முன் சக்கரம் எப்படி உடையுது?

தம்பி பைலட் ட்ரெயினிங்ல இருக்கான், அவன் கூடப் படிக்கிற ஒருத்தர் சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா, போய் இறங்கும்போது முன் சக்கரம் உடைஞ்சு விமானம் மூக்கு குத்தி நின்னுடுச்சு, ஆளுக்கு அடி இல்ல, ஆனா பயமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நானும் செஸ்னா 172-ங்கிற சின்ன பயிற்சி விமானத்துல கத்துக்கிட்டவன் தான், என் பேட்ச்லயும் ஒரு பையனுக்கு இதேதான் ஆச்சு.

இதுல எல்லாரும் முதல்ல தரையில தட்டுனதைத் தான் பேசுவாங்க. ஆனா பெரும்பாலும் அந்த முதல் தட்டுல எதுவும் உடையாது. 172-ஓட பின்னாடி ரெண்டு காலும் ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு குடுக்கிற எஃகு, நல்லாவே அடி தாங்கும், ஆனா வாங்கின அடியை அப்படியே திருப்பிக் குடுத்து விமானத்தை மேல தூக்கி விட்டுடும். கூடவே வேகமும் அதிகமா இருந்தா கேக்கவே வேணாம், 60 நாட் (விமான வேகத்தோட அளவு) வேகத்துல வர வேண்டியவன் 70-ல வந்தா ஆற்றல் 36 சதவீதம் கூடிடும், அது தீர்ற வரைக்கும் விமானம் உக்காராது, மிதந்துக்கிட்டே போகும்.

அப்போ மூக்கு மேல தூக்கி நிக்கும், கண்ணு முன்னாடி வெறும் வானம் தான், பயத்துல கை தானா கன்ட்ரோலை முன்னாடி தள்ளும். அங்க தான் எல்லாம் கெடுது. இப்போ முன் சக்கரம் முதல்ல போய் மோதும், மறுபடி எகிறும், பையன் இழுப்பான், தள்ளுவான், ஒவ்வொரு தடவையும் அவன் கை ஒரு படி லேட்டா தான் வேலை செய்யும், குதி பெருசாகிட்டே போகும், ரெண்டாவது மூணாவதுல முன் கால் போயிடும். அது எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கிற ஃபயர்வால்ல மாட்டியிருக்கிறதால அந்தத் தகடும் சேர்ந்து நசுங்கும்.

எங்க பேட்ச் விமானத்தைக் கிட்ட போய் பார்த்தப்போ ரன்வே தார்ல வரிசையா வெட்டு வெட்டா தழும்பு, ப்ரொப்பெல்லர் நுனி ரெண்டும் பின்பக்கமா சுருண்டு கிடந்துச்சு. எஞ்சின் பவர்ல இருக்கும்போது தட்டினா பொதுவா நுனி முன்பக்கமா வளையும், அப்போ த்ராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கிற பிடி) கடைசி வரைக்கும் ஐடில்ல, அதாவது குறைஞ்ச பவர்ல தான் இருந்திருக்கு, அந்தப் பையன் கோ அரௌண்ட், அதாவது இறங்காம பவர் குடுத்து திரும்ப மேல, போகவே இல்ல. எனக்கு அவன் மேல கோபம் வரல. திரும்ப மேல போறதை ஏதோ ஃபெயில் ஆன மாதிரி பார்க்கிற பழக்கம் ட்ரெயினிங்ல இருக்கு பாருங்க, அது மேல தான் கோபம். ப்ரொப்பெல்லர் தரையில தட்டினா எஞ்சினையே கழட்டிப் பார்க்கச் சொல்லுது எஞ்சின் கம்பெனி லைகாமிங், அந்தச் செலவுக்கு எத்தனை கோ அரௌண்ட் வேணாலும் போகலாம்.

சின்ன குதின்னா மூக்கை அப்படியே பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் பவர் குடுத்து உக்கார வைக்கலாம். பெருசுன்னா யோசிக்கவே கூடாது, ஃபுல் த்ராட்டில், மூக்கைப் பிடி, ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கையோட பின் ஓரத்துல கீழ இறக்குற தகடு) 20 டிகிரிக்கு எடு, வேகம் ஏற ஏற மீதியை எடு, மேல போ, அவ்ளோதான்.

தம்பிகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல இருக்கும்போது பவுன்ஸ் ஆனா எப்படிச் சமாளிக்கிறதுன்னு செஞ்சு பார்த்திருக்கானான்னு. இல்லைன்னா சோலோவுக்கு முன்னாடி அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க, கூச்சப்பட வேணாம்.