கருக்கலைப்பு மாத்திரையும் அமெரிக்க மாநிலச் சட்டங்களும்: கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் கருக்கலைப்பு மாத்திரைக்குச் சட்ட அனுமதி உண்டா?

பதில்: எந்த மாநிலம்? கருக்கலைப்புக்கு நாடு முழுவதும் இருந்த அரசியல் சட்ட உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கிய டாப்ஸ் வழக்கின் தீர்ப்பு 2022 ஜூனில் வந்த பிறகு 50 மாநிலங்களுக்கும் பொதுவான விடை கிடையாது. மாநிலத்தையும் தேதியையும் எழுதாமல் கேட்காதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் தபாலில் மாத்திரை வரவழைக்கும் பெண்ணுக்குச் சிறை உண்டா?

பதில்: டெக்சாஸின் தடைச் சட்டம் கர்ப்பிணியைத் தண்டிப்பதில்லை, கொடுப்பவரையே தண்டிக்கிறது. தபாலில் அனுப்புவதை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ சிவில் சட்டம். அனுப்புவோர் மீதும் தயாரிப்போர் மீதும் தனிநபர்கள் குறைந்தது 1 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுக்கலாம், அதில் சிறை இல்லை. சிவிலையும் கிரிமினலையும் குழப்பிக்கொண்டு அஞ்சுபவர்களே எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

கேள்வி: லூசியானாவில் மிசோபிராஸ்டால் போதை மருந்துப் பட்டியலில் இருக்கிறதாமே? என் மாமியார் வயிற்றுப்புண்ணுக்கு அதைச் சாப்பிடுகிறார்.

பதில்: மருத்துவரின் சீட்டு இருந்தால் உங்கள் மாமியாருக்குச் சிக்கல் இல்லை. பட்டியலைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். கருக்கலைப்புக்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் மிஃபெப்ரிஸ்டோனும் மிசோபிராஸ்டாலும் 2024 அக்டோபர் 1 முதல் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் நான்காம் அட்டவணையில், அதாவது டயாசெபம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து இருக்கும் வரிசையில், வைக்கப்பட்டுள்ளன. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகளுக்காக வகுத்த அட்டவணையில், யாரையும் அடிமையாக்காத இரண்டைச் சேர்த்ததற்கு மருந்தியல் காரணம் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போகும்போது செவிலியர் கையெட்டும் தூரத்தில், அவசர வண்டியின் தட்டிலேயே இருந்த மாத்திரை, இப்போது பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. அடையாள எண்ணைத் தட்டி, பதிவு செய்து, எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். சீட்டில்லாமல் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை. தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் கர்ப்பிணிக்கு விலக்கு உண்டு. அவருக்காக வாங்கி வைத்திருக்கும் கணவருக்கோ தோழிக்கோ அந்த விலக்கு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் அம்மா ஒரு கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கி வரலாமா? நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம்.

பதில்: கூடாது. ஒரு மிஃபெப்ரிஸ்டோனும் நான்கு மிசோபிராஸ்டாலும் கொண்ட அந்த அட்டை அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தல்ல. சென்னையிலும் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. டெக்சாஸில் அதை உங்கள் கையில் கொடுக்கும் அம்மா, சட்டத்தின் கண்ணில் ‘கொடுப்பவர்’ ஆகிவிடக்கூடும்.

கேள்வி: லூசியானாவில் இருந்தவருக்குக் கருக்கலைப்பு மாத்திரை எழுதிக்கொடுத்த நியூயார்க் மருத்துவரை லூசியானா ஏன் பிடிக்க முடியவில்லை?

பதில்: 2025 ஜனவரியில் குற்றம் சாட்டினார்கள், நியூயார்க் ஆளுநர் ஒப்படைக்க மறுத்துவிட்டார். லூசியானாவில் குற்றம் செய்துவிட்டுத் தப்பியோடியவர் என்றால் ஒப்படைத்தாக வேண்டும். இவரோ நியூயார்க்கில் இருந்தபடியே மருந்து எழுதியவர். ஆனால் பிற மாநில நடவடிக்கைகளிலிருந்து இத்தகைய மருத்துவர்களைக் காக்கும் நியூயார்க்கின் பாதுகாப்புச் சட்டம் அம்மாநில எல்லையோடு முடிகிறது. இங்கும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: எந்த மாநிலம்?

கேள்வி: 2024-இல் உச்ச நீதிமன்றமே மாத்திரையை அனுமதித்துவிட்டதே?

பதில்: இல்லை. மாத்திரைக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்றுதான் சொன்னது. மாநிலக் குற்றச் சட்டம் எதையும் அத்தீர்ப்பு தொடவில்லை.