தை பிறக்கட்டும், முட்டை வரும்

கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு ஏற்காடு நாகலூர் பக்கம், காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஆனி மாசம் பொரித்த எட்டு சிறுவிடை (சின்ன உருவ நாட்டுக்கோழி) வெடக்கோழிகள், அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழிகள் வைத்திருக்கிறேன். மார்கழி பாதி போய்விட்டது, ஒரு முட்டையைக்கூடக் காணோம். மலைக்குக் கீழே அயோத்தியாபட்டணத்தில் இருக்கும் என் தங்கையும் அதே மாசம்தான் குஞ்சு வாங்கி விட்டாள். அவள் கார்த்திகைக் கடைசியிலேயே முட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். மலைக் குளிர்தான் காரணமா? கூண்டுக்குள் குண்டு பல்பு போடலாமா?
– வாசகி, நாகலூர்

பதில்: முதலில் தங்கை வாங்கியது என்ன இனம் என்று கேளுங்கள் அம்மா. கிராமப்பிரியா மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும், பந்தயமே கட்டலாம். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தில் உருவாக்கிய இனம் அது. ஐந்தரை மாசத்தில் முட்டைக்கு வந்துவிடும். சிறுவிடைக்கு ஆறு, ஏழு மாசம் ஆகும். உங்களுடையதற்கு இப்போதுதான் ஆறு முடிந்திருக்கிறது. நான் கால்நடை ஆய்வாளராக மலையில் இருந்த காலத்திலும் மார்கழி வந்தால் இதே பஞ்சாயத்துதான்: "கீழே இடுது, மேலே இடலையே!"

குளிரைக் குறை சொல்லாதீர்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரி நன்றாகவே நடுங்கும், சரி. ஆனால் கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. அதற்கு மேல் இறகு வேறு. நமக்குத்தான் கம்பளி வேண்டும். கோழியை முட்டைக்குத் தூண்டுவது வெளிச்சம். பகல் நீண்டுகொண்டே போனால் அதன் உடம்பு முட்டைக்குத் தயாராகும், சுருங்கினால் தள்ளிப்போடும். உங்கள் குஞ்சுகள் பொரித்தது பகல் மிக நீளமாக இருக்கும் ஆனியில். அன்றிலிருந்து அவை வளர்ந்ததெல்லாம் நாளுக்கு நாள் சுருங்கும் பகலில். அதனால் கொஞ்சம் தாமதிப்பது இயற்கை.

ஆனால் இந்தச் சுருக்கத்தைப் பெரிதாக நினைக்கவும் வேண்டாம். நம் பக்கம் ஆனியில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், மார்கழியில் 11 மணி 25 நிமிடம். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அங்கே இருப்பவர்கள் வீடியோவில் "குளிர்காலத்தில் விளக்கு போடு" என்று சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. தங்கை வீட்டிலும் உங்கள் வீட்டிலும் சூரியன் ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், உங்களுக்குக் காலை ஒன்பது வரை மூடுபனி, அதற்குப் பிறகும் சில்வர் ஓக் நிழல். கூண்டு அந்த நிழலுக்குள் இருந்தால், கிழக்கு வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். எட்டு சிறுவிடைக்கு அதுவே போதும். கரண்ட் செலவு செய்து பார்க்க அவை பண்ணைக்கோழி அல்ல. சிறுவிடை வருடத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே நல்ல கோழி.

பல்பு போட்டே ஆக வேண்டும் என்றால், குண்டு பல்பு வேண்டாம். அதன் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளும். பேப்பர் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி. போதும். சாயங்காலம் போடாமல் விடிவதற்கு முன் போடுங்கள். ராத்திரி படக்கென்று அணைத்தால் பரணேறாத கோழி இருட்டில் தடுமாறும். ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தவும் கூடாது, முட்டை நின்று இறகு உதிர ஆரம்பிக்கும்.

நான் பார்ப்பது தீனியைத்தான். குளிரில் தின்பதில் ஒரு பங்கு உடம்புச் சூட்டுக்கே போய்விடும். பனியில் பூச்சியும் குறைவு. சாயங்காலம் அடையும் முன் ஆளுக்கு ஒரு சின்னக் கைப்பிடி கம்போ உடைத்த மக்காச்சோளமோ போடுங்கள். காலையில் தவிட்டோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. கரையான் கிடைத்தால் விடாதீர்கள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சலைத் தனியாக ஒரு தகர டப்பாவில் வையுங்கள், வேண்டியது கொத்திக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, இட ஆரம்பிக்காத கோழியின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பருவம் வந்ததா என்று கையாலேயே பார்க்கலாம். ராத்திரி அடைந்த பிறகு ஒன்றை மெல்லத் தூக்கி இடுக்கிக்கொள்ளுங்கள். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் ஊசி மாதிரி இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். இடையில் ஒரு விரல்கூட நுழையாமல் விறைப்பாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாகப் படுத்து, எலும்பும் வளைந்து கொடுத்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது. பகலில் பார்த்தால் கொண்டை வெளிறின நிறம் போய்ச் சிவந்திருக்கும், முதுகில் கை வைத்தால் ஓடாமல் அப்படியே படுக்கும்.

அப்புறம், ஒரு சந்தேகம். உண்மையிலேயே இடவில்லையா, இல்லை எங்காவது இடுகிறதா? காபிச் செடி அடியிலும் உண்ணிச்செடிப் புதரிலும் இட்டு வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து நிற்கும். கீரிக்குத்தான் கொண்டாட்டம். நான்கைந்து நாள் காலை பத்து மணி வரை அடைத்து வையுங்கள். கூடையில் வைக்கோல் போட்டு வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை வையுங்கள், முட்டை என்று நினைத்து அங்கேயே இடும். கேறுகிற சத்தம் கேட்டால் போய்ப் பாருங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது கோழி விஷயத்தில் நிஜம், பகல் நீள்வது நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கேள்வி: முதல் முட்டைகள் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒன்று ஓடே இல்லாமல் தோல்முட்டையாக வந்தது. நோயா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: இல்லை தம்பி. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும், அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகும். புதுக்கோழிக்கு அந்தக் கணக்கு பிடிபட இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் இரட்டைக் கருவும் வரலாம். மாசம் தாண்டியும் தோல்முட்டையே வந்தால் கிளிஞ்சல் வையுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் மருந்தகத்தில் காட்டுங்கள்.

கேள்வி: சேவல் இல்லாமல் வெடக்கோழி முட்டை இடுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இடும். குஞ்சு மட்டும் பொரிக்காது.

கேள்வி: பனிக்குப் பயந்து கூண்டைச் சுற்றித் தார்பாய் கட்டினேன். உள்ளே போனால் கண் எரிகிறது, கோழிகளும் தும்முகின்றன.
– வாசகர், மஞ்சக்குட்டை

பதில்: எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளப்பும் அமோனியா அது. குளிரைவிட அதுதான் கோழிக்குக் கெடுதல். காற்று அடிக்கிற பக்கம் மட்டும் கட்டிவிட்டு, கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்து விடுங்கள். நனைந்த உமியை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி பரப்புங்கள். அப்புறமும் தும்மினால், மூக்கில் சளி வந்தால், அந்தக் கோழியைத் தனியாக அடைத்து டாக்டரைப் பாருங்கள்.