டிரிப் பாட்டிலுக்குள் கிருமி எப்படிப் போகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பாட்டிலின் தலையில் ஒரு ஊசி குத்தினால்தான் எங்கள் வார்டில் டிரிப் இறங்குகிறது. இது தவறா?

தவறுதான். எளிதில் சுருங்காத பிளாஸ்டிக் பாட்டிலில், இறங்கும் திரவத்துக்கு ஈடாகக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் சொட்டு நின்றுவிடும். ஊசி அந்தக் காற்றுக்கு வழிவிடுகிறது, ஆனால் 500 மி.லி. இறங்கி முடிவதற்குள் கிட்டத்தட்ட அதே அளவு வார்டுக் காற்று வடிகட்டப்படாமல் உள்ளே போயிருக்கும். பெருக்கித் தள்ளும் நேரத்தில் படுக்கையோரம் பறக்கும் தூசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கென்றே காற்றுத் துளை உள்ள ஐவி செட் (பாட்டிலிலிருந்து நரம்புக்குத் திரவம் கொண்டுபோகும் குழாய்) இருக்கிறது. பாட்டிலில் குத்தும் கூர்முனையான ஸ்பைக்குக்குப் பக்கத்தில் சிறு மூடியும் அதற்குள் வெள்ளை வடிகட்டியும் இருக்கும். பலர் அந்த மூடியைத் திறப்பதே இல்லை. சிலர் குத்துவதற்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். பாட்டிலைக் கவிழ்க்கும்போது வடிகட்டி நனைந்து காற்று அடைபடுகிறது. “செட் சரியில்லை” என்று ஊசியைத் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது. சரியான முறை இது: சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரை மூடுங்கள். பாட்டில் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, ஸ்பைக்கைத் தொடாமல் நேராகக் குத்துங்கள். தொங்கவிட்டு, சொட்டு விழும் சேம்பரைப் பாதி நிரப்பிய பிறகு மூடியைத் திறங்கள், அடுத்து குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். தானாகச் சுருங்கும் பை என்றால் காற்றே வேண்டாம், மூடி மூடியே இருக்கட்டும். வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் பையையே கேளுங்கள்.

கேள்வி: திரவம் தெளிவாக இருந்தால் போதாதா?

போதாது. ஒரு மி.லி.யில் சுமார் 10 லட்சம் கிருமிகள் சேர்ந்த பிறகே கலங்கல் கண்ணுக்குத் தெரியும். கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், செராட்டியா ஆகியவை 5% டெக்ஸ்ட்ரோஸில் அறை வெப்பநிலையிலேயே வளரும். சில கிருமிகளில் தொடங்கி 24 மணி நேரத்தில் மி.லி.க்கு ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். பார்வைக்கு அது அப்போதும் பளிங்குதான். நரம்பு வழி ஊட்டத்துக்கான கொழுப்புத் திரவத்தில் அநேகமாக எல்லாக் கிருமியும் வளரும், அது வெள்ளையாக இருப்பதால் கலங்கலும் தெரியாது.

தொழிற்சாலையிலேயே பிழை நேர்ந்ததும் உண்டு. 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றப்பட்டவர்கள் இறந்தார்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அடியில் காற்று தங்கியதால், கீழ்த்தட்டில் இருந்த பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் பிரிக்கும்போது வெளிச்சத்தில் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மெதுவாக அழுத்தினால் ஊசிமுனை அளவு ஓட்டையும் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வென்ஃப்ளானை (நரம்பில் செருகி வைக்கும் சிறு குழாய்) ஃபிளஷ் செய்ய, அதாவது திரவம் செலுத்தி அலச, ஒரே 100 மி.லி. என்.எஸ். (உப்புநீர்) பாட்டிலை எல்லா நோயாளிக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ரப்பரில் செருகிய ஊசியோடு டிரேயில் நிற்கும் அந்தப் பாட்டில்தான் ஒரு நோயாளியின் கிருமியைப் பத்துப் பேருக்குக் கொண்டுபோகிறது. என்.எஸ்.ஸில் கிருமிகொல்லி எதுவும் இல்லை. 10 மி.லி. ஆம்பியூலை ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஊசி போடும் போர்ட்டை 70% ஆல்கஹாலால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு செருகினால் தேய்த்த பலன் குறையும். குழாயில் மூன்று வழி இணைப்பான த்ரீவேயின் மூடி படுக்கையில் விழுந்தால் அதையே திருப்பி மாட்டாதீர்கள், புதியது போடுங்கள்.

கேள்வி: ஐவி செட்டை எப்போது மாற்ற வேண்டும்?

தொடர்ந்து ஓடும் சாதாரண திரவத்துக்கு 96 மணி நேரத்துக்கு முன்பாக மாற்றத் தேவையில்லை. 7 நாளைத் தாண்டவும் கூடாது. அடிக்கடி கழற்றினால் அத்தனை முறை கிருமிக்கு வாசல் திறக்கிறோம். கொழுப்புத் திரவம் ஓடிய செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும், புரோபோஃபால் என்ற மயக்க மருந்து என்றால் 6 முதல் 12 மணிக்குள். ஆன்டிபயாட்டிக் போட்டுக் கழற்றி, மறுவேளைக்கு என்று ஸ்டாண்டில் முனை திறந்தபடி தொங்கவிட்ட செட் இந்தக் கணக்கில் வராது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் அப்பாவுக்கு டிரிப் ஏறும்போது திடீரென்று குளிர்நடுக்கம் வந்தது. வேகத்தைக் குறைத்தால் போதுமா?

குறைக்காதீர்கள், நிறுத்துங்கள். ரோலரை மூடி, செட்டை வென்ஃப்ளானிலிருந்து பிரியுங்கள். அந்த வென்ஃப்ளானை ஃபிளஷ் செய்தால் உள்ளே நிற்கும் திரவமும் ரத்தத்துக்குள் போய்விடும், ஆகவே அதில் வேறு எதையும் ஏற்ற வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மறுகையில் புது வென்ஃப்ளான் போட்டு, ஆன்டிபயாட்டிக்குக்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை) எடுப்பார்கள். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. செட்டோடு, முனையை மூடி, சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு உடன் எடுத்துப்போங்கள். லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் உள்ள மற்ற பாட்டில்கள் வீட்டில் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். யாருக்கும் ஏற்ற வேண்டாம்.