பங்கில் இளையர் குழு தொடங்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கிறேன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்க ஆலயச் சமூகத்தில், தமிழ்த் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்த இளையர்களில் பலர் உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெற்ற பிறகு ஆலயப் பக்கமே வருவதில்லை. 20 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு குழு தொடங்க நாங்கள் 12 பேர் முன்வந்திருக்கிறோம். ஆனால், பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும், 900 வெள்ளி கொடுத்தால் விதிமுறைகளை எழுதிப் பதிவையும் முடித்துத் தருவதாகவும் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். பங்குத்தந்தையைக் கேட்டால், பங்குப் பேரவையிடம் பேசுங்கள் என்கிறார். பேரவையினரோ பங்குத்தந்தை சொல்லட்டும் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்த 900 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு, பங்கின் பணிகளுள் ஒன்றாக நடக்கும் குழு தனிச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் பங்கின் பாடற்குழுவையும் வாசகர் குழுவையும் எண்ணிப் பாருங்கள். அவற்றில் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள், எவரும் சங்கப் பதிவகத்துக்குப் போனதில்லை. பத்து என்ற எண்ணிக்கை சங்கங்கள் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது தனித்து இயங்கும் அமைப்புகளுக்கு உரியது. அந்த உண்மையின் ஒரு பாதியை மட்டும் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

பதிவு செய்துகொண்டால் நன்மைதானே என்று சிலர் நினைக்கலாம். நன்மை இல்லை, இடையூறுதான். பதிவு செய்த அன்றே நீங்கள் பங்குக்கு வெளியே நிற்கும் அமைப்பாகிவிடுவீர்கள். தனி நிர்வாகிகள், தனிக் கணக்கு, ஆண்டுதோறும் பதிவகத்துக்கு அறிக்கை என்று வேலை பெருகும். ஆலய வளாகத்தில் ஓர் அறை கேட்கும்போதும் வெளியார் கேட்பதுபோலக் கேட்க வேண்டியிருக்கும். அப்போதும் 'கத்தோலிக்க' என்ற சொல்லை உங்கள் விருப்பப்படி பெயரில் சேர்த்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதற்குத் திருஅவை அதிகாரிகளின் இசைவு வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு 300ஆம் எண்ணில் சொல்கிறது. மேலும், உண்மையாகவே சங்கம் தொடங்குகிறவர்கள்கூட சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கின் வழியாகத் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் இடைத்தரகருக்கு என்ன வேலை?

அடுத்தது, பங்குத்தந்தை பேரவையைக் காட்டுவதும் பேரவை பங்குத்தந்தையைக் காட்டுவதும். இந்த அலைக்கழிப்பை நான் பல பங்குகளில் பார்த்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. இளையர் வரவில்லையே என்று மேடையில் வருந்துகிறவர்கள், வந்து நிற்கும் 12 பேருக்கு ஒரு ஞாயிறு மாலை அறை ஒதுக்க மூன்று கூட்டம் நடத்துகிறார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பங்குப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு, முடிவு பங்குத்தந்தையுடையது. ஆகவே பேரவைக்கு மரியாதையோடு தகவல் சொல்லுங்கள். அனுமதியைப் பங்குத்தந்தையிடமே கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அது அடுத்த திருப்பலிக்குள் மறந்துபோகும். ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். அவர் தமிழ் அறியாதவராக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருக்காக, எந்த நாளில், எந்த அறையில், எத்தனை மாதச் சோதனை முயற்சியாக, பொறுப்பாளர் இருவர் யார் யார் என்பதை மட்டும் எழுதினால் போதும். இளையர் பணியில் இளையரே முன்னின்று செயல்படுகிறவர்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது ஊக்கவுரையின் 203ஆம் பத்தியில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் அவர் இங்கு வந்தபோது விளையாட்டரங்கத்தில் கூடி நின்ற எவரும் அவருடைய சொல்லைத் தட்ட மாட்டார்கள். எழுத்தில் பதில் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குருக்கள் இடம் மாற்றப்படுகிறார்கள், கடிதம் பங்கு அலுவலகக் கோப்பில் இருக்கும்.

இனி, நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த செய்தி: பணம். உங்கள் குழுவின் ஒரு காசுகூட எவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குள்ளும் நுழையக்கூடாது. 'என் பேநவ் எண்ணுக்கு (கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் முறை) அனுப்புங்கள், பிறகு கணக்குக் கொடுக்கிறேன்' என்று தொடங்கிய நட்புகள் முறிந்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். நான் உதவிவந்த ஒரு குழுவில் 14 பேர் மலாக்காவில் தியானம் நடத்தப் பணம் சேர்த்தார்கள். பொருளாளர் நேர்மையான பெண், ஒரு வெள்ளியும் எடுக்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்டபோது அவர் காட்டிய வங்கிப் பட்டியலில் ஒரு வரி தியான முன்பணம், அடுத்த வரி கிராப் வண்டிக் கட்டணம், அதற்கடுத்த வரி தம்பியின் பிறந்தநாள் கேக். எது குழுவுடையது, எது வீட்டுடையது என்று பிரிக்க முடியாமல் அவர் அழுதுவிட்டார். அதன்பின் அவர் அந்தக் குழுவுக்கு மட்டுமல்ல, அந்த ஆலயத்துக்கே வரவில்லை. இந்த இழப்புக்கு அவர் பொறுப்பில்லை; தொடக்கத்திலேயே தடுத்திருக்க வேண்டிய எங்களைப் போன்ற மூத்தவர்கள்தாம் பொறுப்பு.

ஆகவே பங்கு அலுவலகத்தின் வழியாகவே பணம் வாங்குங்கள், ரசீது அங்கேயே கொடுக்கப்படட்டும். தாமதமாகும், படிவம் நிரப்ப வேண்டியிருக்கும், 60 வெள்ளிப் பலகாரச் செலவைத் திரும்பப் பெற ஒரு மாதம் ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். குறித்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பதும் திருஅவைச் சட்டம் என்பதால், தியானத்துக்கென்று வாங்கியதை டி-சட்டைக்குத் திருப்பிவிடாதீர்கள்.

இவை எதுவும் தேவைப்படாத ஒரு நிலையும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு வீட்டில் செபமாலை சொல்வதற்கும் அனுமதி வேண்டுமோ என்று யாரும் அஞ்சிவிடக்கூடாது. அக்டோபர் மாதத்தில் உங்கள் அடுக்குமாடி வீட்டில் ஏழெட்டு நண்பர்கள் கூடி, செபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து சாப்பிட்டுப் பிரிகிறீர்கள் என்றால், அதற்குக் கடிதமும் வேண்டாம், பேரவையும் வேண்டாம். பக்திக்காகவும் அன்புப்பணிக்காகவும் ஒன்றுகூடும் உரிமை இறைமக்களுக்கு உண்டு. சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வது காணிக்கை திரட்டுவதாகாது. அடுத்த வாரம் பக்கத்துப் பங்கிலிருந்து ஒருவர் வந்தாலும் அது நண்பர்களின் கூட்டமே. ஆனால் அழைப்பில் பங்கின் பெயரைப் போடும்போது, அல்லது ஆலய வாசலில் துண்டுத்தாள் கொடுக்கும்போது, அல்லது 'ஏழைகளுக்கு உதவ' என்று வெளியாரிடம் பணம் கேட்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. திருஅவையின் நோக்கங்களுக்காகத் தனியாட்கள் நிதி கேட்பதற்கு ஆயரின் எழுத்துவழி அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை இப்படி வீட்டிலேயே கூடுங்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்வேன். காத்திருக்கும் மாதங்கள் வீணாகாது.

குழு தொடங்கிய செய்தி பரவியதும் வேறு சிலர் உங்களைத் தேடி வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து புகழ்பெற்ற போதகரை அழைத்து வருகிறேன், அவர் சுற்றுலா வருகை அனுமதியிலேயே வந்து இரண்டு கூட்டம் பேசிவிட்டுப் போகட்டும் என்பார் ஒருவர். ஒப்புக்கொள்ளாதீர்கள். சமயம் சார்ந்த கூட்டத்தில் பேச வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும், அதற்கு இங்குள்ள அமைப்பு ஒன்று பொறுப்பேற்க வேண்டும். அதைப் பங்கு அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வேளாங்கண்ணிப் பயணத்துக்குப் பத்துப் பேர் சேர்த்தால் ஒருவருக்கு இலவசம் என்பார். அந்த இலவசம் மற்ற பத்துப் பேரின் கட்டணத்தில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் ஆண்டில் பயணமே வேண்டாம்.

உறுப்பினர் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள்; 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து அதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும், அவற்றையும் ஒப்புதலோடு வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்காதீர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு நெறிமுறைகள் தனியாக உண்டு, மறைக்கல்விப் பொறுப்பாளர்கள் அதைக் கவனிப்பார்கள். வழிகாட்டல் வேண்டுமானால் உயர்மறைமாவட்டத்தின் இளையர் அலுவலகத்தைக் கட்டணமின்றி அணுகலாம்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நீங்கள் இருவராகச் சென்று கடிதத்தைப் பங்குத்தந்தையின் கையிலேயே கொடுங்கள். பேரவைத் தலைவருக்கு ஒரு படி, உங்கள் கோப்புக்கு ஒரு படி. பதில் எந்த நாளுக்குள் கிடைக்கும் என்று கேட்டு, அந்த நாளை அவர் முன்னிலையிலேயே உங்கள் படியில் குறித்துக்கொள்ளுங்கள்.